ரீசார்ஜ் விலை ஏறினா சண்டை போட முடியுமா?

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் எங்க ஆச்சியோட கீபேட் போனுக்கு நான்தான் ரீசார்ஜ் பண்ணுவேன். 2024 ஜூலையில் விலை ஏறினதும் ஆச்சி கேட்டாங்க: "எய்யா, நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படி ஏத்துவான்?"

நியாயமான கேள்விதானே? கம்பெனிக்கு புகார் போட்டேன். "வெளியிட்ட கட்டணப்படியே வசூலிக்கப்படுகிறது" என்று ஒரு வரியில் முடிச்சுட்டாங்க. கோபத்தில் விதிகளைத் தேடிப் படிச்சப்போதான் நான் தப்பான இடத்தில் முட்டினது புரிஞ்சது.

1997-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டணம் நிர்ணயிக்க டிராய்க்கு அதிகாரம் உண்டு. ஆனா மொபைல் கட்டணத்தைப் போட்டியே பார்த்துக்கொள்ளட்டும் என்று அது கம்பெனிகளிடம் விட்டு வைத்திருக்கிறது. அதனால்தான் அந்த ஜூலையில் ஜியோவின் 155 ரூபாய் பிளான் 189 ஆனது, ஏர்டெலின் 179 ரூபாய் பிளான் 199 ஆனது. "ஏன் ஏத்தினே?" என்று கேட்டால் புகார் நிற்காது. அதுக்கு நம்ம கையில் இருப்பது போர்ட் மட்டும்தான். அந்த ஒரே மாசத்தில் பி.எஸ்.என்.எல்.லுக்கு சுமார் 29 லட்சம் பேர் கூடினாங்க.

ஆனா "சொன்ன விலைக்கு மேல ஏன் எடுத்தே?" என்று கேட்டால் கதையே வேற. 2006-இல் டிராய் போட்ட உத்தரவுப்படி, ஒரு பிளானில் சேர்ந்தால் ஆறு மாசத்துக்கு அதோட கட்டணத்தை உயர்த்தக் கூடாது. முன்கூட்டியே பணம் கட்டிய பேக் என்றால் அதன் காலம் முடியும் வரை கைவைக்க முடியாது. புது விலை அடுத்த ரீசார்ஜில்தான். (28 நாள் பேக் என்றால் வருஷத்துக்கு 12 இல்லை, 13 ரீசார்ஜ். இதுவும் ஒரு விலை உயர்வுதான், யாரும் அப்படிச் சொல்றதில்லை.)

ரெண்டாவது புகார் போட ஆச்சியே வழி பண்ணிக் கொடுத்தாங்க. பேலன்ஸில் 30 ரூபாய் காணோம், காலர் டியூனாம்! "நான் பாட்டு ஒண்ணும் கேக்கலயே" என்றாங்க. 2013 விதிப்படி இந்த மாதிரி சேவையை ஆரம்பிக்க வாடிக்கையாளரிடம் ரெண்டு தடவை சம்மதம் வாங்கணும். 155223-க்குக் கூப்பிட்டு 24 மணி நேரத்துக்குள் சொல்லியிருந்தால் பணம் திரும்ப வந்திருக்கும். எங்களுக்கு அந்த நேரம் தாண்டிட்டு. அதனால 198-க்குப் போன் போட்டு ஒரே கேள்வி கேட்டேன்: ரெண்டாவது சம்மதம் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு வந்தது?

பதில் மழுப்பலாத்தான் வந்தது. டாக்கெட் நம்பரைக் குறிச்சு வைத்து, அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதினேன். இதுக்கு வக்கீலும் வேண்டாம், ஃபீஸும் வேண்டாம். 39 நாளுக்குள் அவங்க முடிவு சொல்லணும். 30 ரூபாய் திரும்ப வந்தது. பஸ்ஸுக்குக்கூட காணாது, ஆனா ஆச்சி தெரு முழுக்க சொல்லிட்டாங்க.

தொகை பெருசா இருந்தா அதுக்கு மேலயும் வழி உண்டு. மாசம் சராசரியா 555 ரூபாய் பில் கட்டிக்கொண்டிருந்த அகமதாபாத் வாடிக்கையாளர் ஒருத்தருக்கு, 2013 கடைசியில் 24,609 ரூபாய் பில் வந்தது. நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். பழைய தந்திச் சட்டத்தைக் காட்டி, இதை விசாரிக்க மன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று வோடஃபோன் வாதாடியது. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், அதாவது நமக்கு திருநெல்வேலி மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, நாமளே வாதாடலாம். பிரச்சினை நடந்து ரெண்டு வருஷத்துக்குள் போடணும். டிராய்க்கு எழுதிக் காத்திருக்காதீங்க, தனிநபர் புகாரை அது விசாரிப்பதில்லை.

ரீசார்ஜ் மெசேஜையும் பிளான் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. விலை மாறினதும் பழைய பக்கம் காணாமப் போயிரும்.

ஆச்சிக்கு இப்போ டேட்டா இல்லாத, பேச மட்டும் உள்ள பேக். 2024 டிசம்பரில் டிராய் விதியைத் திருத்தி, அப்படி ஒரு பேக் கட்டாயம் கொடுக்கணும் என்று சொன்னதால் வந்தது. கம்பெனி ஆப்பில் அது கடைசியில் ஒளிஞ்சிருந்தது, தேடி எடுக்கப் பத்து நிமிஷம் ஆச்சு.