கட்டி தட்டாத கோக்கோ

(மனையியல் பிரிவு மாணவியர்)

சென்ற ஆண்டு கிறிஸ்மஸ் விடுமுறைக்கு முந்திய மாலை. விடுதியிலுள்ள சிறு வகுப்புப் பிள்ளைகள் 40 பேருக்குச் சூடான சாக்லெட் பானம் தயாரித்துக் கொடுக்கும் பொறுப்பு மனையியல் பிரிவினராகிய எங்களுக்கு வந்தது. தேநீரும் காப்பியும் போட்டுப் பழகிய கைகள்தாமே என்ற துணிவில், 6 லிட்டர் பாலைப் பொங்கக் காய்ச்சி, கோக்கோ தூளை அப்படியே அதில் கொட்டிக் கிளறினோம். தூள் கலக்க மறுத்தது. கறுத்த நெல்லிக்காய்களைப் போல உருண்டை உருண்டையாக மிதந்தது. கரண்டியால் நசுக்கப் போனால் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஓர் உருண்டையைப் பிடித்து உடைத்துப் பார்த்தோம். கொதிக்கும் பாலில் கிடந்தும் அதன் உள்ளே தூள் உலர்ந்தே இருந்தது! கடைசியில் துணியிட்டு வடிகட்டினோம். துணியில் தங்கியது கோக்கோ. டம்ளரில் விழுந்தது லேசாக நிறம் மாறிய இனிப்புப் பால். "அக்கா, சாக்லெட் எங்கே?" என்று மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்டாள். எங்களிடம் விடையில்லை.

விடுமுறை முடிந்து வந்ததும் ஆசிரியை எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. ஏன் கட்டி தட்டிற்று என்பதைக் கண்டறிந்து மலருக்கு எழுதுங்கள் என்றார்கள். அதுவே இக்கட்டுரை.

கோக்கோவைக் காப்பிக்கு உறவென்று எண்ணியதே எங்கள் முதற்பிழை. காப்பித் தூளிலிருந்து சாற்றை இறக்கிக்கொண்டு சக்கையை எறிந்துவிடுகிறோம். கோக்கோவில் எறிவதற்குச் சக்கை கிடையாது. வறுத்து அரைத்த விதையையே குடிக்கிறோம். சர்க்கரையைப் போல அது கரைவதுமில்லை. நுண்ணிய துகள்களாகப் பாலில் பரவி நிற்கிறது. ஆறவிட்டால் அடியில் வண்டலாகப் படிகிறது. போதாக்குறைக்கு, ஓடு நீக்கிய கோக்கோப் பருப்பின் எடையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. தூளாக்கும்போது அதில் பெரும்பகுதியைப் பிழிந்தெடுத்துவிட்டாலும், கடையில் வாங்கும் தூளில் நூற்றுக்கு 10 முதல் 24 பங்கு வரை கொழுப்பு எஞ்சி நிற்கிறது. எண்ணெய் தடவிய கையில் தண்ணீர் ஒட்டுமா? கோக்கோத் துகளும் அவ்வாறே நீரை எளிதில் ஏற்பதில்லை.

இதனோடு மாவுப்பொருளும் கோக்கோவில் உண்டு. கொதிக்கும் பாலில் குவியலாக விழுந்த தூளின் வெளிப்புறம் நனைந்தவுடன், அங்குள்ள மாவு வெந்து பசையாகி, கொழுக்கட்டையின் மேல்மாவைப் போல் உள்ளே இருப்பதை மூடிக்கொள்கிறது. அப்புறம் உள்ளே பால் புக வழியில்லை. இது நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாத செய்தியன்று. கேழ்வரகு மாவை நேரே கொதிநீரில் கொட்டிக் கூழ் காய்ச்சுபவர் யார்? குளிர்ந்த நீரில் கரைத்துக்கொண்ட பின்புதானே உலையில் ஊற்றுகிறார்கள்! ஆங்கிலப் பெயர் ஒட்டிய டப்பாவைக் கண்டதும் பாட்டியிடம் கற்றதை நாங்கள் மறந்துவிட்டோம்.

கொழுப்புக்கும் நீருக்கும் உள்ள இப்பிணக்கு மிகப் பழையது. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் வாழ்ந்த மாயர்களும் அஸ்டெக் மக்களும் கோக்கோ விதையை வறுத்து, நம் அம்மியைப் போன்றதொரு கல்லில் அரைத்து, நீரில் கலக்கிக் குடித்தனர். சர்க்கரை அவர்களுக்கு இல்லை. மிளகாயும் மக்காச்சோள மாவும் சேர்த்துக்கொள்வதுண்டு. (சர்க்கரையின்றி மிளகாய்த்தூள் இட்டு நாங்களும் குடித்துப் பார்த்தோம். ஒருமுறை போதும்.) கொழுப்பு பிரிந்து மேலே மிதக்காமலிருக்கவும் நுரை எழும்பவும் அவர்கள் செய்த உபாயம்தான் எங்களை வியக்கவைத்தது. ஒரு பாத்திரத்தை உயரத் தூக்கி, தரையிலுள்ள மற்றொரு பாத்திரத்தில் ஊற்றினார்கள். திரும்பத் திரும்ப ஊற்றினார்கள். கி.பி. 7, 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மாயர் குவளை ஒன்று அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரு பெண் நின்றுகொண்டு இவ்வாறு ஊற்றும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. டம்ளருக்கும் டபராவுக்குமாக அம்மா காப்பி ஆற்றுவதைக் கண்டவர்களுக்கு அந்தப் பெண் அந்நியமாகத் தோன்றமாட்டாள். பின்னர் அந்நாட்டில் குடியேறிய ஸ்பானியர் காலத்தில் மரக்கோல் ஒன்று வழக்கத்துக்கு வந்தது. இரு உள்ளங்கைகளுக்கிடையே அதை உருட்டிக் கடைவார்கள். 'மொலினில்லோ' என்பது அதன் பெயர். நாம் பார்த்தால் மத்து என்றே சொல்வோம்.

ஸ்பானியர் அதில் சர்க்கரை சேர்த்தனர். சூடாகக் குடிக்கத் தொடங்கினர். இலங்கையிலிருந்து கடல் கடந்து வந்த பட்டையையும் தூவினர். 1544இல் தொமினிக்கன் சபைத் துறவியர் கெக்சி மாயர் குழுவொன்றை ஸ்பெயின் நாட்டு இளவரசர் பிலிப்பிடம் அழைத்துச் சென்றபோது கொண்டுபோன காணிக்கைகளில் சாக்லெட் பானமும் இருந்தது.

அதன் பிறகு எழுந்த ஒரு கேள்வி நம் திருச்சபையோடு தொடர்புடையது. சாக்லெட் குடித்தால் நோன்பு முறியுமா? அக்காலத்தில் நோன்பு நாளில் ஒருவேளை உணவே பெரும்பாலும் அனுமதி. ஆனால் பானங்கள் நோன்பை முறிப்பதில்லை. சாக்லெட் பானமா, உணவா? குடிப்பது என்னவோ குவளையில்தான். ஆனால் குடித்தவருக்குப் பசி அடங்கிவிடுகிறதே! 1636இல் அந்தோனியோ தெ லெயோன் பினேலோ இந்த ஒரு கேள்வியை ஆராய்வதற்கென்றே மட்ரிட் நகரில் ஒரு நூலை வெளியிட்டார். 1664இல் கர்தினால் பிரங்காச்சோ உரோமையில் எழுதிய நூலில், அது பானமே, நோன்பை முறிக்காது என்றார். நீரில் கலக்கினால் பானம், பாலும் முட்டையும் மாவும் சேர்த்தால் உணவு என்று வாதிட்டவர்களும் உண்டு. சமையலறை அறிந்தவர்கள் அவர்கள் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. 1648இல் தம் பயண நூலை வெளியிட்ட தாமஸ் கேஜ் இன்னொரு கதை சொல்கிறார். மெக்சிகோவின் சியாப்பா நகரில் சீமாட்டிகள் திருப்பலியின் நடுவிலேயே பணிப்பெண்களைக்கொண்டு சாக்லெட் தருவித்துக் குடித்தனராம். ஆயர் தடுத்தார், பின்பு அவர் நோயுற்று இறந்தபோது, நஞ்சு கலந்த சாக்லெட்டே காரணம் என ஊரில் பேசிக்கொண்டனராம். கேஜ் கத்தோலிக்க மறையைவிட்டு விலகிய பின்பு எழுதியவர். ஆகவே கொஞ்சம் மிகையும் இருக்கலாம். இன்று நமக்குள்ள ஒழுங்கு எளியது: நற்கருணை வாங்குமுன் ஒரு மணி நேரம் நீரும் மருந்தும் தவிர வேறெதுவும் கூடாது. சாக்லெட் பானமும் கூடாது. அந்த ஒரு மணி நேரக் கணக்கில் கர்தினாலைத் துணைக்கழைக்க வேண்டாம், தோழியரே!

கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் வழி ஹாலந்து நாட்டில் பிறந்தது. வான் ஹூட்டன் குடும்பத்தார் 1828இல் உரிமம் பெற்ற அழுத்த இயந்திரம், பாதியளவு கொழுப்பிருந்த கோக்கோவை நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறைத்தது. எஞ்சிய வில்லையைப் பொடித்தால் தூள். அத்தூளைக் காரப்பொருள் கலந்து பதப்படுத்தினால் நிறம் கறுத்து, புளிப்பும் கசப்பும் தணிந்து, நீரோடு இன்னும் இணக்கமாகக் கலக்கும் என்றும் கண்டனர். 'டச்சு முறை' என்று சில டப்பாக்களில் காண்பது அதுவே.

கொழுப்பைப் பிழிய இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் காயைப் பறிப்பது பெரும்பாலும் இன்றும் கைவேலை. கோக்கோக் காய் கிளை நுனியில் தொங்குவதன்று. அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் ஒட்டினாற்போல் காய்க்கிறது. ஒன்றொன்றாகக் கத்தியால் அறுத்து, பிளந்து, வெண்சதையோடு விதைகளை வழித்து, ஐந்தாறு நாள் புளிக்கவைத்து, வெயிலில் உலர்த்தவேண்டும். புளிக்காத விதையை எவ்வளவு வறுத்தாலும் சாக்லெட் மணம் வராது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக இம்மரத்தைக் காணலாம். ஆயினும் உலகக் கோக்கோவில் பெரும்பகுதி மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளில் மட்டும் 15 இலட்சத்து 60 ஆயிரம் சிறுவர் சிறுமியர் கோக்கோ வேலையில் ஈடுபட்டிருப்பதாக 2020இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வு நிலையம் கணக்கிட்டது. வெட்டுக்கத்தி பிடிப்பது, பாரம் சுமப்பது, மருந்து தெளிக்கும் இடத்தில் நிற்பது, இவையெல்லாம் அவ்வேலையில் அடங்கும். பெரும்பாலோர் தம் வீட்டார் நிலத்தில் வேலை செய்பவர்களே. மோசமான சிறார் உழைப்பை 2005க்குள் ஒழிப்பதாகச் சாக்லெட் தொழிலதிபர்கள் 2001இல் கையெழுத்திட்டிருந்தனர். இதை வகுப்பில் படித்தபோது சற்று நேரம் யாரும் பேசவில்லை. வடிகட்டிய துணியோடு நாங்கள் குப்பையில் உதறிய தூளைப் பற்றி ஒருத்தி நினைவூட்டினாள்.

இனி, கடையில் வாங்கும்போது கவனிக்கவேண்டியது. 'கோக்கோ தூள்' வேறு, 'குடிக்கும் சாக்லெட்' என்று விற்கும் தூள் வேறு. டப்பாவின் பின்புறத்தில் சேர்மானங்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்ததுவரை வரிசையாக அச்சிடவேண்டும் என்பது விதி. இரண்டாம் வகையில் முதற்பெயர் பெரும்பாலும் சர்க்கரையாகவே இருக்கும். கோக்கோ என்று நம்பி சர்க்கரையைக் கோக்கோ விலைக்கு வாங்குவானேன்? தனிக் கோக்கோ தூளை நாவில் வைத்தால் கசக்கும். அதுவே நல்ல அடையாளம்.

நான்கு டம்ளர்களில் சோதனை செய்தோம். முதலாவதில் கொதிக்கும் பாலில் தூளை இட்டோம், பழைய கதையே. இரண்டாவதில் குளிர்ந்த பால். பசை உருண்டைகள் இல்லை, ஆனால் தூள் நனையாமல் மேலே படலமாக மிதந்தது. மூன்றாவதில் தூளைச் சர்க்கரையோடு கலந்துகொண்டு சூடான பாலில் இட்டோம். சர்க்கரைப் பரல்கள் துகள்களை விலக்கி வைத்ததால் சிறு கட்டிகளே தோன்றின. நான்காவதில் சர்க்கரையோடு கலந்த தூளைச் சிறிது வெந்நீர்விட்டுக் குழைத்த பின் பால் சேர்த்தோம். ஒரு கட்டிகூட இல்லை. நிறையப் பாலில் கட்டி கரண்டிக்குத் தப்பி ஓடும். கெட்டியான குழம்பில் ஓட இடமில்லை, கரண்டியின் அழுத்தம் முழுவதும் அதன் மேலேயே விழுகிறது.

நால்வருக்குச் செய்முறை: கோக்கோ தூள் மட்டமாக 8 தேக்கரண்டி, சர்க்கரை 8 தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, மூன்றையும் உலர்ந்த பாத்திரத்தில் கலந்துகொள்ளவும். 150 மில்லி வெந்நீரில் நாலைந்து கரண்டி மட்டும் எடுத்து, சிறிது சிறிதாக விட்டு, சந்தனம் போல் பளபளக்கும்வரை குழைக்கவும். இதில் அவசரம் கூடாது. பிறகு மீதி வெந்நீரை ஊற்றி, சிறு தீயில் இரண்டு நிமிடம் கிளறிக்கொண்டே கொதிக்கவைக்கவும். பச்சை வாடை நீங்கி மணம் மாறுவதை மூக்கே சொல்லும். மாவு வெந்து பானத்துக்குச் சற்றுக் கனமும் வரும், வண்டலும் எளிதில் படியாது. தனியே காய்ச்சிய அரை லிட்டர் பாலை மெல்ல ஊற்றிக் கலக்கி, பொங்குமுன் இறக்கிவிடவும். உடனே உயரத் தூக்கி ஐந்தாறு முறை ஆற்றவும். ஏடு படியாது, நுரையும் நிற்கும். கரண்டியால் கலக்கிய டம்ளரையும் ஆற்றிய டம்ளரையும் அருகருகே வைத்துச் சுவைத்ததில் எல்லாரும் ஆற்றியதையே கேட்டார்கள்.

சாக்லெட் கட்டியை உருக்கியும் செய்யலாம். உருகும் சாக்லெட்டில் ஓரிரு சொட்டு நீர் பட்டால் மணல்போல் இறுகிவிடும். பயந்து எறிந்துவிடாதீர்கள், இன்னும் பாலை ஊற்றிக் கலக்கினால் இளகிவிடும். ஸ்பெயினில் குடிப்பதுபோல் கரண்டி நிற்கும் கெட்டி வேண்டுமானால் சோள மாவு சிறிது கரைத்துச் சேர்க்கவேண்டும். எங்களுக்கு அது பிடிக்கவில்லை.

மீந்ததை நாய்க்கு ஊற்றவேண்டாம். கோக்கோவிலுள்ள தியோபுரோமின் நமக்குக் கேடு செய்வதில்லை. நாயின் உடலிலிருந்து அது மெதுவாகவே வெளியேறுவதால் நஞ்சாகிறது.

விடுதிச் சமையலறைச் சுவரில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். 40 பேருக்கு: பால் நாலரை லிட்டர், வெந்நீர் ஒன்றரை லிட்டர், கோக்கோ தூள் 200 கிராம், சர்க்கரை 320 கிராம். இந்த டிசம்பரில் துணி தேவைப்படவில்லை. கேள்வி கேட்ட சிறுமி இப்போது நான்காம் வகுப்பு. முதல் டம்ளரை அவளிடம் கொடுத்தோம். குடித்துவிட்டு, மூக்கு நுனியில் நுரையோடு, "இன்னொரு டம்ளர் இருக்கா, அக்கா?" என்றாள்.