சர்வருக்கு நம் ஊர் தெரியாது

அன்புள்ள தங்கச்சிக்கு,

கோடு எழுத வேலைக்குச் சேர்ந்த உன்னை என்விரான்மென்ட் டீமில் போட்டுவிட்டார்கள், நாள் முழுக்க டாம்கேட் இறக்குவதும் ஜாவா பாத் வைப்பதுமாகப் போகிறது என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். கலசப்பாக்கத்திலிருந்து ஓஎம்ஆர் வரைக்கும் போனது இதற்குத்தானா என்றும் கேட்டிருந்தாய். உனக்கு முன்னால் இதே தொழிலுக்குப் போனவன் என்ற உரிமையில் சொல்கிறேன், நல்ல இடத்தில்தான் போட்டிருக்கிறார்கள். உன்னோடு சேர்ந்தவர்கள் ஆளுக்கொரு மாட்யூலைத் தெரிந்துகொள்வார்கள். அத்தனை மாட்யூலும் எதன்மேல் நிற்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

“என் மெஷின்ல ஓடுது, சர்வர்ல ஓடலை” என்ற புலம்பலை இதற்குள் நிறையக் கேட்டிருப்பாய். நான் பார்த்தவரை பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். சொல்லியிருக்க வேண்டிய ஏதோ ஒன்றை யாரோ சொல்லாமல் விட்டிருப்பார்கள். விட்ட இடத்தை மெஷின் தன் இஷ்டத்துக்கு நிரப்பிக்கொண்டிருக்கும். அதற்குப் பெயர்தான் டீஃபால்ட். உன் வேலை அந்த இடங்களைத் தேடிப் பிடித்து நீயே நிரப்புவது.

எக்லிப்ஸிலேயே ஆரம்பி. ப்ரிஃபரன்சஸில் சர்வர், அதற்குள் ரன்டைம் என்விரான்மென்ட்ஸ் என்று போய் டாம்கேட்டைச் சேர்க்கிறாய். எந்த ஜேஆர்இ என்று அது கேட்கும். ஒன்றும் மாற்றாவிட்டால் வொர்க்பென்ச்சின் டீஃபால்ட் ஜேஆர்இயை எடுத்துக்கொள்ளும். ஆக, ஒரே ப்ராஜெக்ட் உன் மெஷினில் ஜாவா 17-இலும் பக்கத்து சீட்டில் ஜாவா 11-இலும் ஓடிக்கொண்டிருக்கும், இருவருக்கும் தெரியாது. இன்னொன்று: டாம்கேட் ஃபோல்டரில் இருக்கும் சர்வர்.எக்ஸ்எம்எல்லைத் திருத்திவிட்டு ஏன் மாறவில்லை என்று முழிக்காதே. எக்லிப்ஸ் தனக்கென ஒரு நகலை ‘சர்வர்ஸ்’ என்ற ப்ராஜெக்டில் வைத்துக்கொண்டு அதைத்தான் படிக்கும்.

டாம்கேட் 9-ஆ 10-ஆ என்பதும் சும்மா எண் வித்தியாசம் இல்லை. ஆரக்கிள் 2017-இல் ஜாவா ஈஈயை எக்லிப்ஸ் ஃபவுண்டேஷனிடம் ஒப்படைக்க முன்வந்தது. ஆனால் ‘ஜாவாக்ஸ்’ என்ற பெயரை வைத்துக்கொண்டு மேலே வளர்க்கும் உரிமையில் உடன்பாடு வரவில்லை. அதனால் 2020 கடைசியில் வந்த ஜகார்த்தா ஈஈ 9-இல் பேக்கேஜ் பெயர்களெல்லாம் ‘ஜகார்த்தா’ ஆயின. டாம்கேட் 9 பழைய பெயர், 10 புதிய பெயர். பழைய வார் ஃபைலை 10-இல் போட்டால் பல நேரம் சர்வர் சமர்த்தாக எழுந்துவிடும், லாகில் பிழை இருக்காது, பக்கத்தைத் திறந்தால் 404. இரண்டு நிறுவனங்களின் பேச்சுவார்த்தை முறிந்ததன் பலனை ராத்திரி ஒரு மணிக்கு நீ அனுபவிப்பாய்.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். டெஸ்ட் டேட்டாவில் எல்லோரும் ‘ஏபிசி’ என்று அடிப்பார்கள். நீ ‘கலசப்பாக்கம்’ என்று தமிழில் அடி. நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. யூனிகோடில் புள்ளியும் காலும் தனித்தனி என்பதால் பன்னிரண்டு குறிகள். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், மொத்தம் 36. ஆரக்கிள் டேட்டாபேஸில் ஊர்ப் பெயருக்கு 30 போதும் என்று ஒருவர் ஃபீல்டு போட்டிருந்தால், அந்த 30 டீஃபால்ட்டாக பைட் கணக்கு. ‘கேஎல்எஸ்பி’ என்று ஆங்கிலத்தில் சுருக்கி அடித்துச் சோதித்தவருக்கு எல்லாம் சரி. நம் ஊர்க்காரர் படிவம் நிரப்பினால் ஓஆர்ஏ-12899 என்ற பிழை.

அதுவாவது வாய்விட்டுச் சொல்லும் பிழை. சொல்லாமல் கெடுப்பது எழுத்துக் குறியீடு. ஜாவா 18 வெளிவந்த 2022 மார்ச் வரைக்கும், ஜாவா தன் டீஃபால்ட் குறியீட்டை ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கேட்டுத்தான் முடிவு செய்தது. ஆங்கில விண்டோஸில் அது 1252, அதில் தமிழுக்கு இடமில்லை. மொழி சொல்லாமல் எழுப்பிய லினக்ஸ் கன்டெய்னரில் வெறும் ஆஸ்கி. இரண்டிலும் தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாக மாறி டேட்டாபேஸுக்குள் போய்விடும். போன பிறகு மீட்க வழியில்லை, ஏனென்றால் அங்கே இருப்பது நிஜமான கேள்விக்குறிதான். 18-லிருந்து யூடிஎஃப்-8 டீஃபால்ட் ஆகிவிட்டது. ஆனால் உங்கள் கம்பெனியின் பாதி ப்ராஜெக்ட் இன்னும் 8-இலும் 11-இலும் இருக்கும். அங்கே ஃபைல் என்கோடிங்கை நீயே எழுதி வை.

அடுத்தது நேரம். கிளவுட் சர்வர்கள் பெரும்பாலும் யூடிசியில் எழும். நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஏப்ரல் 1 விடியற்காலை ஐந்தரை வரைக்கும் சர்வருக்கு மார்ச் 31தான். அந்த இடைவெளியில் போட்ட இன்வாய்ஸ் பழைய நிதியாண்டில் போய் உட்காரும், ஆடிட்டர் கேட்கும்போது யாருக்கும் பதில் தெரியாது. நேரத்தை யூடிசியில் சேமி, காட்டும்போது மட்டும் நம் நேரத்துக்கு மாற்று. இந்தப் பழக்கம் நம் ஜவ்வாது மலைக்குப் புதிதும் இல்லை. 1977 மார்ச் 10-இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்ததை இந்த மலையிலிருக்கும் காவலூர் வானாய்வகத்திலும் பார்த்தார்கள், அமெரிக்கர்களின் பறக்கும் ஆய்வகத்திலிருந்தும் பார்த்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் இருப்பது அப்படித்தான் தெரிந்தது. வெவ்வேறு இடத்துப் பதிவுகளை ஒப்பிட, வானியலாளர்கள் பொது நேரத்தில்தான் குறிப்பார்கள்.

விண்டோஸில் ஓடும் ஜாவா நம் டைம்ஸோனை இன்னமும் ‘ஏசியா/கல்கத்தா’ என்றுதான் சொல்கிறது. கல்கத்தா கொல்கத்தா ஆனது 2001-இல். டெபியனும் உபுண்டுவும் பழைய பெயர்களைத் தனிப் பேக்கேஜாகப் பிரித்து வைத்துவிட்டதால், புதிய போஸ்ட்கிரெஸ் கன்டெய்னர் அந்தப் பெயரைக் கேட்டதும் இணைப்பையே மறுத்துவிடும். இந்தியாவில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு வரும் பிழை இது. ‘ஏசியா/கொல்கத்தா’ என்று ஜேவிஎம் ஆப்ஷனில் எழுதி வைத்தால் தீர்ந்தது.

நினைவகத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஜாவா 8-இன் பழைய பதிப்புகளுக்குத் தாங்கள் கன்டெய்னருக்குள் இருப்பதே தெரியாது. நீ 2 ஜிபி கொடுத்திருந்தாலும், 64 ஜிபி ஹோஸ்டைப் பார்த்து அதில் கால்பங்கு தனக்கு என்று கணக்குப் போடும். லாகில் ஒரு வரியும் இல்லாமல் கன்டெய்னர் 137 என்ற எண்ணோடு செத்துக் கிடந்தால் இந்தக் கணக்கைத்தான் முதலில் பார். 2018-இல் வந்த 191-ஆவது அப்டேட்டுக்குப் பிறகு இது சரியானது.

எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது, ‘ஓடுறதைத் தொடாதே’ என்று சீனியர்கள் சொல்வார்கள். இந்த ஒரு பேச்சை மட்டும் கேட்காதே. 2021 டிசம்பரில் லாக்4ஷெல் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்தபோது உலகம் முழுக்க கம்பெனிகள் திணறியது பேட்ச் இல்லாமல் அல்ல. எந்த சர்வரில் லாக்4ஜே லைப்ரரியின் எந்தப் பதிப்பு இருக்கிறது என்ற கணக்கு பலரிடம் இல்லை. நம் ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின் தயாரிப்புகளில் 2022-இல் தெரியவந்த ஓட்டைக்கும் காரணம், உள்ளே பழைய பதிப்பாகவே தங்கிவிட்ட அப்பாச்சி சாந்துவாரியோ என்ற வெளி லைப்ரரிதான். அந்த வருடக் கடைசிக்குள் பேட்ச் கொடுத்துவிட்டார்கள். பேட்ச் போடாமல் விட்ட ஒரு விமானத்துறை நிறுவனத்துக்குள் அந்த வழியாக ஆட்கள் நுழைந்ததை 2023 செப்டம்பரில் அமெரிக்க அரசே அறிவித்தது. அவ்வளவு திறமைசாலிகள் இருக்கும் இடத்திலேயே ஒரு லைப்ரரி கண்ணுக்குத் தப்புகிறது என்றால், உங்கள் ப்ராஜெக்டில் எத்தனை இருக்கும் என்று எண்ணிப் பார்.

ஆகவே இந்த வாரம் ஒரு காரியம் செய். ஜாவா பதிப்பு, டாம்கேட் பதிப்பு, டைம்ஸோன், எழுத்துக் குறியீடு, ஹீப் அளவு ஐந்தையும் சர்வர் எழும்போதே லாகின் முதல் வரிகளில் எழுதச் செய். அதையே ஒரு ஃபைலாக ப்ராஜெக்ட் கோடோடு சேர்த்து கிட்டில் வை. லைப்ரரிகளின் பட்டியலும் அதில் இருக்கட்டும். யார் மாற்றினாலும் அந்த ஃபைலை மாற்றித்தான் மாற்ற வேண்டும் என்று உன் மேனேஜரிடம் சொல். முதலில் சலித்துக்கொள்வார், ஒரு ப்ரொடக்‌ஷன் இரவு போதும், அவரே கேட்பார். எழுதி முடித்ததும் கம்பெனி விவரங்களை எடுத்துவிட்டு வெறும் அமைப்பை மட்டும் எனக்கு அனுப்பு, விட்டுப்போனது ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்