பிளக் பொருந்தினால் போதுமா?



பட்டு வியாபாரிகள் மட்டுமே காஞ்சிபுரத்திலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று போய்வந்த காலம் மலையேறிவிட்டது. இன்று மளிகைக் கடைக்கு வரும் வாடிக்கையாளர் பலர் வீட்டிலும் ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறது. பருப்புப்பொடியும் அப்பளமும் கட்டித் தரும் நம்மிடமே, "அந்த ஊர் பிளக் இருக்கிறதா?" என்றும் கேட்கிறார்கள். சிறிய சரக்குதான். ஆனால் விவரம் சொல்லாமல் கொடுத்தால் அவர்கள் பொருள் வீணாகும். கெடுவது நம் கடைப் பெயர்.

முதல் பாடம்: அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டேஜை மாற்றாது. சாக்கை மாற்றினால் உள்ளே இருக்கும் அரிசி மாறிவிடுமா?

நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சிங்கப்பூர், மலேசியா, துபாய், இங்கிலாந்து ஆகிய இடங்களிலும் ஏறத்தாழ இதே அளவுதான்; பிளக் மட்டும் வேறு. நம்முடைய உருண்டைப் பின் பிளக், பிரிட்டிஷார் காலத்துப் பழைய தரத்தில் வந்தது. 1947-இல் அவர்கள் பட்டைப் பின்னுக்குப் புதிய தரம் வகுத்து மாறினார்கள். நாம் உருண்டையிலேயே நின்றோம். ஆகவே அந்த ஊர்களுக்கு நல்ல அடாப்டர் ஒன்றே போதும்.

அமெரிக்கா, கனடாவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். இங்கேதான் கவனம் வேண்டும். நம் ஊர் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி அமெரிக்காவில் சுமார் 270 வாட் சூடுதான் தரும். மிக்சி திணறும். மாறாக, அங்கிருந்து கொண்டுவரும் 120 வோல்ட் இஸ்திரிப் பெட்டியை இங்கே செருகினால் ஏறத்தாழ நான்கு மடங்கு சூடேறிக் கருகிவிடும். தீப்பிடிக்கவும் கூடும்.

டிரான்ஸ்ஃபார்மர் வைத்து வோல்ட்டேஜை மாற்றலாம். ஆனால் 750 வாட் மிக்சிக்கு, மோட்டார் புறப்படும் இழுப்பையும் சேர்த்து ஏறக்குறைய இரு மடங்கு தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பெட்டியில் அதன் எடையே பெரும் சுமை. அது ஹெர்ட்ஸையும் மாற்றாது. அமெரிக்காவுக்கென்றே 110 வோல்ட் மிக்சி, கிரைண்டர்களை நம் நாட்டு நிறுவனங்களே தயாரிக்கின்றன. அதை வாங்கச் சொல்வதே நியாயம்.

கல்லாவில் இருப்பவர் மனதில் கொள்ள வேண்டியவை:

1. எந்த ஊர், என்ன பொருள் என்று கேளுங்கள்.

2. பொருளின் அடியில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்றிருந்தால் அடாப்டர் போதும். செல்போன், லேப்டாப் சார்ஜர்கள் பெரும்பாலும் இவ்வகையே. '230 வோல்ட்' என்று மட்டும் இருந்தால் அமெரிக்காவுக்கு ஆகாது.

3. எர்த் பின் உள்ள பொருளுக்கு, எர்த் இல்லாத இரண்டு பின் அடாப்டரைத் தராதீர்கள். ஷாக் அடித்தால் உயிருக்கே ஆபத்து.

4. அடாப்டர் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று பார்த்துக் கொடுங்கள். சார்ஜருக்கு ஆவது இஸ்திரிப் பெட்டிக்கு ஆகாது.

"இது உங்களுக்குப் பயன்படாது, வாங்க வேண்டாம்" என்று சொல்ல நேர்ந்தால் தயங்காமல் சொல்லுங்கள். ஒரு அடாப்டர் விற்காமல் போனால் நட்டம் சிறிது; அந்த வாடிக்கையாளர் அடுத்த மாத மளிகைச் சீட்டோடு நம் கடைக்கே வருவார்.