கத்திரிக்கு முன்பே முற்றத்தில் சட்டி வையுங்கள்

பங்குனி பாதி கடந்துவிட்டது. காலை பத்து மணிக்கே மொட்டை மாடித் தரையில் கால் வைக்க முடியவில்லை. மே 4 வாக்கில் கத்திரி தொடங்கும். அதுவரை காத்திராமல் இந்த வாரமே பறவைகளுக்குத் தண்ணீரும் தீனியும் வைக்கத் தொடங்குங்கள். புதிதாக வைத்த தீனித் தட்டைக் குருவிகள் உடனே நம்பிவிடாது. சில நாள் தூரத்துக் கம்பியில் உட்கார்ந்து நோட்டம் பார்க்கும், சமயத்தில் இரண்டு வாரம்கூட ஆகும். வெயில் உச்சத்துக்கு வரும்போது அந்த இடம் அவற்றுக்குப் பழகியிருக்க வேண்டும்.

முதலில் தண்ணீர். பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உச்சி வெயிலில் மதில்மேல் காகம் அலகைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூச்சிரைத்துத்தான் அது உடல் சூட்டைத் தணிக்கிறது, ஒவ்வொரு இரைப்பிலும் உடம்பு நீர் குறைகிறது. பழமும் புழுவும் தின்னும் பறவைக்கு இரையிலேயே கொஞ்சம் ஈரம் கிடைத்துவிடும். உலர்ந்த தானியம் கொத்தும் சிட்டுக்குருவிக்கும் புறாவுக்கும் அந்த வசதி இல்லை. ஆகவே தானியம் மட்டும் தூவிவிட்டுத் தண்ணீரை மறப்பது அவற்றின் தாகத்தைக் கூட்டுவதாகும்.

வாய் அகன்ற மண்சட்டியே இதற்கு ஏற்றது. மெருகு பூசாததாகப் பார்த்து வாங்குங்கள். மண்ணில் நீர் கசிந்து ஆவியாவதால் தண்ணீர் குளிர்ந்தே இருக்கும். எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் பகலில் கொதித்துவிடும். தண்ணீர் இரண்டு அங்குலத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு கருங்கல்லோ ஓட்டுத் துண்டோ போடுங்கள். இதை நான் பட்டறிந்துதான் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிணற்றடியில் அரை வாளித் தண்ணீர் வைத்தோம். மறுநாள் காலை அதில் ஓர் அணிற்பிள்ளை செத்து மிதந்தது. ஏறிவர ஒரு கல் இருந்திருந்தால் பிழைத்திருக்கும்.

சட்டியில் குறைந்த தண்ணீரை மேலே ஊற்றி நிரப்புவதோடு நிறுத்தாதீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, பாத்திரத்தின் உட்சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடும். அந்த முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. தினமும் பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, தேங்காய் நாரால் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் விடுங்கள். சோப்பு வேண்டாம்.

எங்கே வைப்பது? இதில்தான் பலர் தவறுகிறார்கள். செம்பருத்திப் புதருக்கு அடியிலேயே தட்டை வைத்தால் பூனை பதுங்கியிருந்து பாய வசதியாகிவிடும். நடு முற்றத்து வெட்டவெளியில் வைத்தால், வல்லூறு வரும்போது குருவிக்கு ஓடி ஒளிய இடம் இருக்காது. புதரிலிருந்து ஆறேழு அடி தள்ளி, மர நிழலில், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் தொங்கவிடுவது நல்லது. பழைய உறி இருந்தால் எடுங்கள், அதைவிடப் பொருத்தமான தாங்கி கிடையாது. கண்ணாடி ஜன்னல் இருந்தால் தட்டை அதிலிருந்து மூன்றடிக்குள்ளோ, முப்பது அடிக்கு அப்பாலோ வையுங்கள். இடைப்பட்ட தூரத்திலிருந்து வேகமெடுத்துப் பறக்கும் பறவை, கண்ணாடியில் தெரியும் மரத்தை நிஜமென்று நம்பி மோதிச் சாகும்.

தீனிக்குக் கம்பு, தினை, குருணை போதும். காலையில் ஒரு கைப்பிடி, மாலையில் ஒரு கைப்பிடி. இருட்டுவதற்குள் தீர்ந்துவிடும் அளவே சரியான அளவு. மிஞ்சிக் கீழே சிந்தினால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். மிக்சர், காராபூந்தி, உப்புப் போட்ட எதையும் தயவுசெய்து வைக்காதீர்கள். சம்பா அறுவடை முடிந்திருப்பதால் தெரிந்த விவசாயியிடம் நெற்கதிர் கேட்டுப் பாருங்கள். ஒரு பிடிக் கதிரைக் கொத்தாகக் கட்டி இறவாணத்தில் தொங்கவிட்டால் குருவிகள் தலைகீழாகத் தொற்றிக்கொண்டு நெல்லை உரித்துத் தின்னும். புறாவால் அப்படித் தொங்க முடியாது. புறாக் கூட்டம் தொல்லை தரும் தெருக்களுக்கு இதுவே நல்ல வழி. தானியம் வைக்கப் பாதி வெட்டிய கொட்டாங்குச்சியும் சரிதான், அடியில் மழைநீர் வடிய ஓர் ஓட்டை இருக்கட்டும்.

காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கமுள்ள வீடுகள் அதை விடவேண்டாம். மாடிக் கைப்பிடிச் சுவரில், குருவித் தட்டுக்கு எட்டத் தள்ளி வையுங்கள். காகம் குருவிக் கூட்டில் முட்டையும் குஞ்சும் எடுக்கும் பறவை.

தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம், இட்லிப்பூவும் செம்பருத்தியும் நட்டால் போதும். கொண்டைக்குருவிக்கும் குயிலுக்கும் கனிந்த பப்பாளித் துண்டு ஒன்றை ஆணியில் குத்தி வையுங்கள், மாலையில் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. பெரிய சிட்டுக்குருவி தானியம் தின்னும், ஆனால் குஞ்சுக்கு அது புழுவும் பூச்சியும்தான் ஊட்டும். அவரைப் பந்தலில் மருந்து அடித்துவிட்டுப் பக்கத்திலேயே கம்பு தூவுவதில் பயனில்லை. மருந்தை நிறுத்துங்கள்.

வாரம் ஒருமுறை தட்டைச் சுரண்டிக் கழுவி வெயிலில் காயவையுங்கள். சிலிர்த்த இறகோடு, கண் வீங்கி, ஆள் வந்தும் பறக்காமல் உட்கார்ந்திருக்கும் பறவையைக் கண்டால் தீனியையும் தண்ணீரையும் இரண்டு வாரம் நிறுத்துங்கள். நோய் பரவுவது கூட்டம் கூடும் இடத்தில்தான்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். தீனி நின்றால் பறவைகள் வேறிடம் தேடிக்கொள்ளும், தண்ணீரை மட்டும் தினமும் மாற்றச் சொல்லுங்கள். மாற்ற ஆள் இல்லையென்றால் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பூட்டுங்கள்.