பேனாவுக்கு எந்தக் கட்டை?

மரப்பேனாவின் உடம்பு மேலே மரம், உள்ளே பித்தளைக் குழாய். இரண்டையும் சேர்த்துப் பிடிப்பது பசை மட்டுமே. எண்ணெய் மிகுந்த கட்டையில் கடைந்த பேனா சில மாதம் நன்றாகத்தான் இருக்கும். பிறகு ஒருநாள் திருகினால் மரம் தனியாகச் சுற்றும், குழாய் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆகவே நிறத்தையும் வரியையும் பார்ப்பதற்கு முன், அந்தக் கட்டையின் எண்ணெயை நம்மால் சமாளிக்க முடியுமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மலையடிவார ஊரான போடிநாயக்கனூரில் (சுருக்கமாகப் போடி) கட்டைக்குப் பஞ்சமில்லை. ஐந்து அங்குல நீளம், முக்கால் அங்குலச் சதுரம் இருந்தால் ஒரு பேனா ஆகிவிடும். தச்சுப் பட்டறையில் கழித்துப் போடுவதே போதும். மலைத்தோட்டங்களில் பிடுங்கிப்போட்ட பழைய காப்பித் தூர் கிடைத்தால் புதிதாகக் கடையப் பழகுபவர் அதையே எடுக்கலாம். வெளிர் நிறம், நெருக்கமான கட்டை, எண்ணெய்த் தொல்லை இல்லை. ஆனால் காயும்போது வெடிக்கும். மலையில் வெட்டியதை அப்படியே இறக்கிக் கீழே போடி வெயிலில் வைத்தால் நிச்சயம் வெடிக்கும். இரண்டு முனையிலும் மெழுகு தடவி நிழலில் பல மாதம் காயவிடவேண்டும். சில்வர் ஓக்கும் எண்ணெயில்லாததுதான். மென்மை அதிகம் என்பதால் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

இடித்த வீட்டுத் தேக்கு உத்தரம் அடுத்த படி. எத்தனை வருடம் பழையதானாலும் உள்ளே எண்ணெய் இருக்கும். தேக்கில் சிலிக்காவும் உண்டு. உளியின் முனை சீக்கிரம் மழுங்கும், அடிக்கடி சாணை பிடிக்கவேண்டும். உள்ளே ஆணி ஒளிந்திருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

தோதகத்தி, அதாவது ஈட்டி, போடியை ஒட்டிய மலைத்தொடரின் ராஜா. ஊதா கலந்த பழுப்பில் கறுப்பு வரி ஓடும் அந்த அழகுக்கு அயல்நாட்டு கோகோபோலோ தேவையே இல்லை. இரண்டும் டால்பெர்ஜியா என்ற ஒரே பேரினம்தான், தொல்லையும் ஒன்றேதான். துளையிடும்போது சூடேறினால் எண்ணெய் துளையின் சுவருக்கு வந்துவிடும். ட்ரில் பிட் கூர்மையாக இருக்கட்டும், வேகம் குறையட்டும், கொஞ்சம் இறக்கி வெளியே இழுத்துத் தூளைத் தட்டிவிட்டு மறுபடி இறக்குங்கள். பிறகு அசிட்டோனில் நனைத்த துணியால் துளையைத் துடைக்கவேண்டும். துணியில் ஊதாச் சாயம் இறங்கும், பயப்படவேண்டாம். அசிட்டோன் உள்ளிருக்கும் எண்ணெயை மேலும் இழுக்கும் என்று சிலர் வாதிடுவார்கள். அந்தச் சண்டையில் நான் நடுவில் நிற்கிறேன்: துடைத்து, உலர்ந்த உடனே ஒட்டினால் சரி, நாளைக்கு ஒட்டலாம் என்று வைத்தால் துடைத்தது வீண்.

பசையில் ஃபெவிக்விக் வகையா, அரால்டைட் வகையா? காப்பிக் கட்டைக்கு முதலாவது போதும். ஈட்டிக்கும் தேக்குக்கும் நான் இரண்டாவதான, மெதுவாக இறுகும் எப்பாக்சிதான் எடுப்பேன். குழாயை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, திருகிக்கொண்டே உள்ளே விட்டு, ஒரு இரவு தொடாமல் விடுங்கள். உடனடிப் பசை இறுகக் காற்றின் ஈரம் வேண்டும், அதனால் மலைமேல் போடிமெட்டு மூடுபனியில் அது அவசரப்படும். மேல்பூச்சாகப் பூசினால் சில நேரம் வெள்ளை படியும்.

மேல்பூச்சிலும் அதே எண்ணெய் வேலை காட்டும். ஈட்டியில் உள்ள பொருட்கள் எண்ணெய் வார்னிஷைக் காயவிடாது, நாட்கணக்கில் பிசுபிசுக்கும். நம் தச்சர்களுக்கு இதற்கு மருந்து முன்பே தெரியும்: ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கை முதலில் மெல்லியதாக ஒரு பூச்சு கொடுத்துவிடுவது. அது எண்ணெயை உள்ளே அடைத்துவிடும், அதன்மேல் வார்னிஷ் பூசலாம். சன்னபட்டணத்தில் வெப்பாலைக் கட்டைப் பொம்மைகளைச் சுழலவிட்டு அரக்குக்குச்சியை அழுத்துவதும் அரக்கை நம்பித்தான்.

மூணாறுக்கு அப்பால் மறையூரில் இயற்கையாக வளர்ந்த சந்தனக் காடு இருப்பதால் சந்தனப் பேனா ஆசை இங்கே பலருக்கு வரும். எனக்கு அது வீண் செலவாகப் படுகிறது. பூச்சு போட்டால் மணம் அடைபட்டுவிடும். போடாவிட்டால் கைவியர்வையில் அழுக்கேறும். மணம் வேண்டுமென்றால் கட்டையைக் கல்லில் உரைத்துக்கொள்ளலாமே.

கருங்காலியில் எண்ணெயைவிடச் சூடுதான் எதிரி: துளையிடும்போது சூடேறினால் மயிரிழையாக விரிசல் விடும். மாலை, காப்பு என்று இப்போது கருங்காலி மோகம் பரவியிருப்பதால் சாயம் ஏற்றிய கட்டையும் கடையில் கிடக்கும். அசிட்டோன் துணியால் தேய்த்துப் பாருங்கள். மை போலக் கறுப்பு இறங்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எந்த வைரக்கட்டையைக் கடைந்தாலும் முகமூடி கட்டிக்கொள்ளுங்கள். ஈட்டித் தூள் சிலருக்குத் தோலில் தடிப்பையும் மூச்சுத் தொல்லையையும் கொடுக்கும். முதல் தடவை ஒன்றும் ஆகாமல் போய் அப்புறம் ஒவ்வாமை தொடங்குவதும் உண்டு.

ஈட்டியோ சந்தனமோ வாங்கினால் ரசீதோடு வாங்குங்கள். இரண்டுக்கும் வனத்துறைக் கட்டுப்பாடு உண்டு. டால்பெர்ஜியா பேரினம் ஏறத்தாழ முழுவதும் 2017 ஜனவரி 2 முதல், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் பேனா அனுப்பும் எண்ணம் இருந்தால், கட்டையைப் பிளப்பதற்கு முன்பே அதற்கு வேண்டிய ஆவணங்களைப் பற்றி விசாரித்துவிடுங்கள்.