விசைக்குக் குறைவில்லை, வேகம்தான் வராது

கோடாரி பிடிக்கும் ஆள் கிடைப்பதில்லை. விறகின் தேவையோ குறையவில்லை: நீலகிரித் தேயிலைத் தொழிற்சாலைகளின் உலர்த்தி அடுப்பு, செங்கல் சூளை, கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டு எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. கொட்டகையில் நிற்கும் பழைய டிராக்டரின் ஹைட்ராலிக்கில் விறகு பிளக்கும் இயந்திரத்தை மாட்டியவர்களும் மாட்ட நினைப்பவர்களும் எழுதிய கடிதங்களுக்கு இந்த மாதப் பதில்கள்.

கேள்வி: 1980-களில் வாங்கிய மாஸி 1035 டிராக்டர். சிலிண்டர் 4 அங்குல விட்டம், 2 அடி ஓட்டம். ஒரு கட்டையைப் பிளந்துவிட்டுத் திரும்பி வர முக்கால் நிமிடம் ஆகிறது. பம்ப் போய்விட்டதா? (கோத்தகிரி)

பதில்: பம்ப் நன்றாக இருக்கிறது. அதைப் பிரிக்கச் சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.

அந்தச் சிலிண்டர் ஒருமுறை முழுக்க நீள ஏறக்குறைய 5 லிட்டர் ஆயில் வேண்டும். இந்த வகைப் பழைய பம்ப், கலப்பையைத் தூக்கி இறக்குவதற்கென்று செய்தது. நிமிடத்துக்கு 12 லிட்டர் அளவில்தான் தள்ளும். போக 25 விநாடி. திரும்பும்போது தண்டின் பருமன் இடத்தை அடைத்துக்கொள்வதால் ஆயில் குறைவாகப் போதும். அதற்கு 18 விநாடி. கூட்டிப் பாருங்கள், முக்கால் நிமிடம் வந்துவிடும். அழுத்தம் 150 பார் வந்தால் ஆப்பின் முனையில் 12 டன் விசை இருக்கிறது. சாதாரண விறகுக்கு அது தாராளம். இந்த வேலைக்கு எஞ்சினிலிருந்து போவது 4 குதிரைத்திறன்தான்.

கேள்வி: 5 அங்குல சிலிண்டர் போட்டால் வேகம் கூடுமா? (ஒட்டன்சத்திரம்)

பதில்: குறையும். கோத்தகிரி வண்டியில் போக மட்டும் 25 விநாடி என்பது 39 ஆகும்.

கேள்வி: எங்கள் 1035-இல் மெஷினும் ஓடவில்லை, லிஃப்டும் தூக்கவில்லை. ஆயில் அளவு சரியாக இருக்கிறது. (உடுமலை)

பதில்: பி.டி.ஓ. (பின்பக்கம் சுற்றும் தண்டு) லீவரைப் போட்டுவிட்டுப் பாருங்கள், பம்ப் அதோடு சேர்ந்துதான் ஓடும்.

கேள்வி: டிப்பர் டிரெய்லருக்குப் போகும் ஹோஸில் மெஷினை மாட்டினோம். ஆப்பு போகிறது, திரும்புவதில்லை. அதோடு லிஃப்ட் கைகள் தானாக மேலே ஏறி மெஷினையே தூக்குகின்றன. (சின்னமனூர்)

பதில்: இரண்டும் தனித்தனிக் கோளாறு. டிப்பருக்கு ஒரே குழாய் போதும். தொட்டியின் பாரமே ஆயிலைத் திருப்பித் தள்ளிவிடும். விறகு மெஷினின் ஆப்பைப் பின்னுக்கு இழுக்கப் பாரம் எதுவும் கிடையாது, அதையும் ஆயில்தான் செய்ய வேண்டும். ஆகவே இரண்டு பக்கமும் வேலை செய்யும் வால்வு வேண்டும், ஆயில் வண்டிக்குத் திரும்பி வரத் தனிக் குழாயும் வேண்டும். அந்தக் குழாய் அகலமாக இருக்கட்டும். அதன் வாய் ஆயில் மட்டத்துக்குக் கீழே முடியட்டும். மேலேயிருந்து கொட்டினால் நுரைக்கும், நுரை ஏறிய ஆயிலில் சிலிண்டர் திக்கித் திக்கித்தான் நகரும்.

லிஃப்ட் ஏறுவதற்குக் காரணம், கைகளைத் தூக்கும் ஆயிலும் வெளியே போகும் ஆயிலும் ஒரே பாதையில் போவதுதான். கைகளுக்குப் போகும் பாதையை அடைக்கும் வால்வு கிடைக்கிறது, அதைப் போடுங்கள். வாங்கும்போதே இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: லீவர் நடுவில் நிற்கும்போது மெஷினின் வால்வு ஆயிலைத் தடையில்லாமல் திரும்ப விட வேண்டும். விடாத வால்வானால், நீங்கள் கட்டை எடுத்து வைக்கும் நேரமெல்லாம் பம்ப் முழு அழுத்தத்தில் முக்கிக்கொண்டிருக்கும், ஆயில் கொதிக்கும்.

மாஸியில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில் என்பதை நினைவில் வையுங்கள். மண்ணில் கிடந்த ஹோஸ் முனையைத் துடைக்காமல் மாட்டினால் அந்த மண் நேராகக் கியர்பெட்டிக்குள் போகிறது. பட்டறையில் திறக்கும் வண்டிகளின் அடியில் மரத்தூள் சேறாகப் படிந்திருப்பது புதிதல்ல. பத்து ரூபாய் மூடிக்குச் சோம்பல்பட்டதன் விலை அது.

கேள்வி: பழைய இரும்புக் கடையில் கியர் பம்ப் ஒன்று மலிவாக வந்தது. பி.டி.ஓ. தண்டில் நேராக மாட்டலாமா? (ஆத்தூர்)

பதில்: பம்பின் மேல் தகட்டைப் படியுங்கள். 1,500 சுற்றுக்குச் செய்த பம்பை 540 சுற்றில் ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு ஆயில்தான் வரும். ஒன்று, 540-க்கென்றே செய்த பெரிய பம்ப். இல்லையென்றால் சுற்றைக் கூட்டும் கியர்பெட்டி. அத்துடன் தனி ஆயில் தொட்டி வைத்தால் வண்டியின் கியர் ஆயிலும் பிழைக்கும்.

தண்டுக்கு உறை போடாமல் ஓட்டவே ஓட்டாதீர்கள். 540 சுற்று என்றால் விநாடிக்கு 9 சுற்று. 8 சென்டிமீட்டர் பருமனுள்ள தண்டு ஒரு விநாடியில் இரண்டேகால் மீட்டர் துணியை இழுத்துச் சுருட்டும். நாலு முழ வேட்டியின் மொத்த நீளமே அவ்வளவுதான்.

கேள்வி: புளிய மரத்தில் ஆப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது. (மேலூர்)

பதில்: கறிக்கடைக்காரர் வெட்டுக்கட்டைக்குப் புளியைத் தேடுவதே அது பிளக்காது என்பதற்காகத்தான். கட்டையைக் குட்டையாக அறுத்து, நடுவை விட்டு ஓரத்திலிருந்து சிம்பு சிம்பாக எடுங்கள். கணு கண்ட இடத்தில் மல்லுக்கு நிற்க வேண்டாம். தைலமரத்தைக் காய விடாமல் பச்சையிலேயே பிளந்துவிடுங்கள்.

கேள்வி: ஒருவர் கட்டையைப் பிடித்துக்கொள்கிறார், இன்னொருவர் லீவரைத் தள்ளுகிறார். வேலை நன்றாக ஓடுகிறது. லீவரை அழுத்திக்கொண்டே நிற்பதில் கை வலிப்பதால் கயிறு கட்டிவிட்டோம். இன்னும் வேகம் கூட்ட வழி உண்டா? (கோபிசெட்டிபாளையம்)

பதில்: முதலில் அந்தக் கயிற்றை அவிழுங்கள்.

ஆப்பு முன்னே போகும்போது கையை எடுத்தால் லீவர் நடுவுக்கு வந்து எல்லாம் நிற்க வேண்டும். அதற்காகத்தான் அந்த ஸ்பிரிங். திரும்பி வரும்போது மட்டும் லீவர் தானாக நிற்கலாம். கயிறு கட்டிய மெஷினுக்கு நடுவில் மரம் வந்தாலும் மணிக்கட்டு வந்தாலும் ஒன்றுதான்.

அடுத்தது, இரண்டு பேர் விஷயம். கட்டையை வைக்கிறவர் கைதான் லீவரையும் பிடிக்க வேண்டும். கை லீவரில் இருக்கும்வரை கட்டையில் இருக்க முடியாது. இதைவிடப் பெரிய பாதுகாப்பு இந்த மெஷினில் கிடையாது. இரண்டு பேர் நின்றால் ஒருவர் வாயை நம்பி இன்னொருவர் விரல் இருக்கிறது. டிராக்டர் சத்தத்தில் "இரு" என்றது "விடு" என்று காதில் விழும். மெதுவாகத்தானே வருகிறது, எடுத்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். விநாடிக்கு இரண்டரை சென்டிமீட்டர் வருகிறது. விரலின் பருமன் ஒன்றரை. பின்னால் 12 டன்.

கட்டையைக் கையால் பிடிக்க வேண்டியிருக்கிறதே என்றால், அது சரிந்து நிற்கிறது. சரிந்து நிற்பது முனையைக் கோணலாக அறுத்ததால். அறுக்கும் இடத்தில் நேராக அறுக்கச் சொல்லுங்கள், பிடிக்கும் தேவையே வராது. இரண்டாவது ஆளுக்கும் வேலை இருக்கிறது: கட்டை கொண்டுவந்து போடட்டும், பிளந்ததை அடுக்கட்டும், ஆப்பு நகரும் நேரத்தில் இரண்டு எட்டு தள்ளி நிற்கட்டும். ஒரு பொழுதுக்குப் பத்துக் கட்டை குறைந்தால் குறையட்டும்.

கேள்வி: ஹோஸில் எங்கோ கசிவு. விரலால் தடவிப் பார்த்தும் தெரியவில்லை. (வால்பாறை)

பதில்: இனி ஒருமுறையும் விரலை வைக்காதீர்கள். ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே எறும்பு கடித்தது போல ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் அதிகம் இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். கசிவைப் பார்க்க நீளமான அட்டைத்துண்டை ஹோஸ் ஓரமாக நகர்த்துங்கள். நனையும் இடம் காட்டிக்கொடுக்கும். பிறகு எஞ்சினை நிறுத்தி, லீவரை இரண்டு பக்கமும் ஆட்டி அழுத்தத்தை இறக்கிவிட்டு ஹோஸை மாற்றுங்கள்.

ஏற்கெனவே விரலில் அப்படி ஒரு புள்ளி இருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு, அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடக் கூடாது. ஆயில் டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள், உள்ளே போனது என்ன ஆயில் என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.