கூட்ட நாளில் இணையக் கடை முடங்குவது ஏன்?

சில்லறைக் கடைக்காரர்கள் இணையம் வழியே ஆர்டர் போடும் வசதியை நமது மண்டியிலும் வைத்திருக்கிறோம். சென்ற தீபாவளிக்கு முந்தின வாரம் எண்ணெயும் கடலை மாவும் கேட்டுப் பலரும் ஒரே நேரத்தில் வந்தபோது அது நின்றுவிட்டது. இரண்டு நாள் ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. "பெரிய சர்வராக மாற்றுங்கள்" என்றார்கள். மாத வாடகை இரட்டிப்பாகும். பணம் கட்டுமுன் காரணத்தைத் தேடினோம். அப்போது கற்ற பாடம் இது.

சர்வரும் ஒரு கடைதான். வருபவர் ஒவ்வொருவரையும் கவனிக்க உள்ளே ஓர் 'ஆள்' இயங்க வேண்டும். நாம் பயன்படுத்தும் அப்பாச்சி மென்பொருளில் 256 ஆள் வரை அனுமதி இருந்தது. ஆனால் ஒவ்வோர் ஆளும் மெமரியில் இடம் பிடிக்கும்.

கணக்கைப் பாருங்கள். மொத்த மெமரி 4 ஜி.பி. மற்ற வேலைகளுக்கு 1 ஜி.பி. போக மீதி சுமார் 3000 எம்.பி. ஆள் ஒன்றுக்கு 50 எம்.பி. என்றால் 60 ஆளுக்குத்தான் இடம். அதற்கு மேல் போனதும் சர்வர் ஹார்ட் டிஸ்க்கை மெமரியாகப் பயன்படுத்தி ஆமை வேகத்தில் நகர்ந்தது. போதாக்குறைக்கு, வேலை முடிந்தும் ஒவ்வோர் ஆளும் அதே வாடிக்கையாளருக்காக 60 விநாடி காத்திருக்கும்படி அமைத்திருந்தார்கள்.

வரம்பை 60 ஆகவும், காத்திருப்பை 5 விநாடியாகவும் குறைத்தோம். மற்றவர்கள் சற்று வரிசையில் நின்றாலும் வேலை விரைவாக முடிந்தது. பொங்கல் ஆர்டர்கள் தடையின்றி வந்தன. கூடுதல் வாடகை இல்லை.

உங்கள் சர்வர் நின்றால், அதைப் பராமரிப்பவரிடம் பிழைப் பதிவேட்டைக் கேளுங்கள். அது நம் நாள்வழிக் கணக்கு போன்றது.

1. 'மேக்ஸ் ரிக்வெஸ்ட் ஒர்க்கர்ஸ்' என்றிருந்தால் ஆள் போதவில்லை. மெமரி மிச்சமிருந்தால் மட்டும் கூட்டலாம்.

2. 'டூ மெனி கனெக்‌ஷன்ஸ்' என்றால் சரக்குக் கணக்கு இருக்கும் டேட்டாபேஸின் வாசல் நிறைந்துவிட்டது. மைஎஸ்கியூஎல்லில் நாம் மாற்றாதவரை வரம்பு 151.

3. 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்' என்றால் திறந்த கோப்புகள் வரம்பை எட்டிவிட்டன. லினக்ஸில் இது பெரும்பாலும் 1024.

4. 'அவுட் ஆஃப் மெமரி' என்றால் மெமரி தீர்ந்தது. அப்போது ஆள் வரம்பைக் கூட்டுவது கேடு.

ஒரு நேரத்தில் ஒரு வரம்பை மட்டும் மாற்றுங்கள். பழைய எண்ணைக் குறித்து வையுங்கள். இதையெல்லாம் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே செய்து விடுவது நல்லது. இடமிருக்கும் அளவுக்குத்தான் சரக்கு இறக்குகிறோம்; சர்வருக்கும் அதுவே விதி.